விண்மீனுக்குப் போகும் கப்பல்: கண்காட்சி மேசையில் எதை வைப்பது?

புதுச்சேரியிலும் கடலூரிலும் பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் விண்வெளி மாதிரி ஒன்றாவது இருக்கும். அவற்றுள் "வேறொரு விண்மீனுக்கு மனிதர் பயணம்" என்ற தலைப்பை எடுக்கும் குழு முதல் நாளே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: எந்தக் கப்பலைச் செய்வது? பேசப்படும் வழிகள் நான்கு. பல தலைமுறைகள் உள்ளேயே பிறந்து வாழும் தலைமுறைக் கப்பல், பயணிகளைத் தூங்க வைத்துக் கொண்டுபோகும் உறக்கக் கப்பல், உறைந்த கருக்களை மட்டும் ஏற்றிச் செல்லும் கருக் கப்பல், ஆளே இல்லாமல் லேசர் ஒளி தள்ளிக்கொண்டு போகும் கிராம் எடை ஆய்வுக்கலம்.

மாணவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில்தான் பிழை தொடங்குகிறது. முதலில் பார்க்க வேண்டியது, போன இடத்தில் நிற்க முடியுமா என்பது. அடுத்தது எடை. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் வேகம் தானாக வந்து சேரும்.

தொலைவை ஒருமுறை நம் ஊர்க் கணக்கில் பார்த்துவிடுவோம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலை காந்தி சிலையடியில் சூரியன் இருப்பதாக வையுங்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1 மீட்டர் என்று கொண்டால், சூரியன் ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவு, 9 மில்லிமீட்டர். நெப்டியூன் 30 மீட்டர் தள்ளி. 1977 செப்டம்பரில் கிளம்பி இன்றுவரை நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வாயேஜர்-1 விண்கலம் ஏறத்தாழ 170 மீட்டரில், இன்னும் கடற்கரைச் சாலையைக்கூடத் தாண்டவில்லை. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி 268 கி.மீ. தள்ளி, அதாவது பெங்களூரில். உண்மைத் தொலைவு 4.24 ஒளியாண்டு, சுமார் 40 லட்சம் கோடி கி.மீ. வாயேஜர் வேகத்தில் போனால் 75,000 ஆண்டு.

நிற்பதற்கான கணக்கு

கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்து தங்குகடலுக்குப் போகும் விசைப்படகு, போகும்போதே திரும்பும் டீசலையும் ஏற்றிக்கொண்டுதான் போகும். விண்மீன் பயணத்தில் திரும்பும் பேச்சே இல்லை. ஆனால் நிற்பதற்கே, கிளம்பியபோது பெற்ற வேகம் முழுவதையும் மறுபடி கழிக்க வேண்டும். விண்வெளியில் உராய்வு கிடையாது. எஞ்சினை எதிர்ப்பக்கம் திருப்பி எரித்தால்தான் தடை. அந்த எரிபொருளையும் தொடக்கத்திலேயே சேர்த்து முடுக்கியாக வேண்டும்.

சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாட்டைப் பிளஸ் ஒன் மாணவரே போட்டுவிடலாம். எட்ட வேண்டிய வேகத்தை, எஞ்சினிலிருந்து வளிமம் வெளியேறும் வேகத்தால் வகுங்கள். வரும் எண்ணைக் கால்குலேட்டரின் இ-அடுக்கு (eˣ) விசையில் கொடுங்கள். கிளம்பும்போதுள்ள எடை, போய்ச் சேரும் எடையைப்போல் எத்தனை மடங்கு என்பது விடை.

இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட்டில் உள்ள கிரையோஜெனிக் எஞ்சினின் வெளியேற்ற வேகம் நொடிக்குச் சுமார் 4.3 கி.மீ. ஒளி வேகத்தில் 10 விழுக்காடு வேண்டுமென்றால் அது நொடிக்கு 30,000 கி.மீ. வகுத்தால் 7,000 அளவில் வரும். விசையைத் தட்டினால் கால்குலேட்டர் பிழை காட்டும். அந்த எண்ணுக்கு முன்னால் அண்டத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கைகூட ஒன்றுமில்லை. நொடிக்கு 30 கி.மீ. வெளியேற்ற வேகமுள்ள அயனி எஞ்சினுக்கு 1,000 வரும், அதற்கும் பிழைதான். வேதி எரிபொருள், அயனி இரண்டையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். மாதிரியின் பக்கத்தில் சாதாரண ராக்கெட் படத்தை ஒட்டி வைத்தால் அது தவறான தகவல்.

மிச்சமிருப்பது அணுக்கரு இணைவு. பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி 1973 முதல் 1978 வரை வரைந்த டெடலஸ் என்ற ஆளில்லா விண்மீன் கலத் திட்டம், நொடிக்குச் சுமார் 10,000 கி.மீ. வெளியேற்ற வேகத்தைக் கணக்கில் கொண்டது. இந்த எண்ணை வைத்துப் பாருங்கள். 10 விழுக்காடு வேகத்துக்கு 20 மடங்கு எடை. நிற்கவும் வேண்டும் என்றால் 403 மடங்கு. வேகத்தை 4 விழுக்காடாகக் குறைத்தால், நிற்பதையும் சேர்த்து வகுக்க 2.4 வரும், அதாவது 11 மடங்குதான். 2 விழுக்காட்டில் 3.3 மடங்கு, ஆனால் பயணம் 212 ஆண்டு. 4 விழுக்காட்டில் 106 ஆண்டு, முடுக்கவும் நிறுத்தவும் ஆகும் காலத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ 110. நான்கு விழுக்காடுதான் நியாயமான இடம் என்பது எங்கள் தீர்மானம். கீழே வரும் கணக்கெல்லாம் அதை வைத்தே.

ஒன்றை மறைக்கக் கூடாது. அப்படிப்பட்ட எஞ்சின் இன்று இல்லை. அமெரிக்காவின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி என்ற இணைவு ஆய்வகத்தில் 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலைப் பெற்றார்கள். அந்த லேசரை இயக்கவே 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது. டெடலஸ் கேட்பது நொடிக்கு 250 எரிபொருள் குளிகைகளில் இப்படி இணைவு. பேனரில் "எதிர்கால எஞ்சின்" என்று எழுதுங்கள். நடுவர் கேட்டால் இந்த எண்களைச் சொல்லுங்கள். எதிர்ப்பொருளை எரிபொருளாகக் காட்டும் குழுக்களும் உண்டு. செர்ன் ஆய்வகத்தில் இதுவரை உண்டாக்கிய எதிர்ப்பொருள் மொத்தத்தையும் எரித்தால் ஒரு மின்விளக்கு சில நிமிடம் எரியும். அதற்கு மேல் அந்த வழியைப் பற்றிப் பேச இப்போது ஒன்றுமில்லை.

எடை எங்கிருந்து வருகிறது

எஞ்சினோ உணவோ அதிக எடை என்று நினைப்போம். உண்மையில் கதிர்வீச்சுக் கவசம்தான் எல்லாவற்றையும் விழுங்குகிறது.

2011-12இல் செவ்வாய்க்குப் போகும் வழியில் கியூரியாசிட்டி கலத்திலிருந்த கருவி, நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) அளந்தது. விண்வெளி வீரர் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் நாசா அனுமதிக்கும் அளவு 600 மில்லிசீவர்ட். பதினொரு மாதத்தில் அது தீர்ந்துவிடும். 110 ஆண்டுக்கு 72,000 வரும். சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டினால் அண்டக்கதிர் இன்னும் கூடும்; 2012 ஆகஸ்டில் வாயேஜர்-1 அந்த எல்லையைக் கடந்தபோது அதை நேரடியாகவே அளந்தது.

இதற்கு அலுமினியத் தகடு ஒட்டினால் போதும் என்று மாதிரி செய்பவர்கள் நினைக்கிறார்கள். மெல்லிய உலோகம் கெடுதலையே கூட்டும். வேகமாக வரும் அணுக்கரு உலோக அணுவில் மோதிச் சிதறி, ஒன்றுக்குப் பத்தாகத் துகள்களை உள்ளே தெளிக்கும். ஹைட்ரஜன் நிறைந்த பொருள், அதுவும் தடிமனாக வேண்டும். தண்ணீர் நல்லது. நம் தலைக்கு மேலிருக்கும் காற்றுமண்டலம் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 டன், அதாவது 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். அதில் பாதி, 5 மீட்டர் தண்ணீர், ஐந்தரைக் கிலோமீட்டர் உயர மலையில் குடியிருப்பது போன்ற பாதுகாப்பைத் தரும். மனிதர்களைக் கொண்டுபோக அதற்குக் குறைவாக வைப்பது சரியல்ல.

இப்போது 1:1000 அளவில் மூன்று கப்பலின் வசிப்பிடங்களையும் செய்யுங்கள். எடை ஏன் வேறுபடுகிறது என்பது மேசையிலேயே தெரிந்துவிடும். இந்த அளவில் 5 மீட்டர் தண்ணீர் என்பது 5 மில்லிமீட்டர் மேல்பூச்சு.

தலைமுறைக் கப்பலில் 500 பேர் என்று வைப்போம். மண்ணில்லா வேளாண்மைக்கும் குடியிருப்புக்கும் 0.45 சதுர கி.மீ. வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் ஃபிரெடெரிக் மாரினின் குழு கணக்கிட்டது. நம் பக்கத்துக் கணக்கில் 84 காணி. அதற்கு 224 மீட்டர் ஆரமும் 320 மீட்டர் நீளமும் உள்ள உருளை வேண்டும். அந்த ஆரம் சும்மா வந்ததல்ல: நிமிடத்துக்கு இரண்டு சுற்று சுற்றினால் உள்சுவரில் பூமியின் ஈர்ப்புக்குச் சமமான விசை கிடைக்கும். சுற்றாமல் விட்டால் மாதந்தோறும் இடுப்பெலும்பு 1 முதல் 1.5 விழுக்காடு வரை கரையும். மாதிரியில் இது 45 செ.மீ. அகலமும் 32 செ.மீ. உயரமும் உள்ள ஒரு டிரம். அதன் நீர்க் கவசம் மட்டுமே நிஜத்தில் 39 லட்சம் டன்.

உறக்கக் கப்பலில் 50 பேருக்கு 10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் உள்ள அறை போதும். மாதிரியில் சுண்டுவிரலின் நுனிப் பகுதி அளவு. பூச்சோடு சேர்த்து 2 செ.மீ.க்கு 3 செ.மீ. கவசம் 7,850 டன்.

கருக் கப்பலின் உறைபெட்டி 1 மீட்டர். மாதிரியில் 1 மி.மீ. மணியைச் சுற்றி 5 மி.மீ. பூச்சு, ஒரு கோலிக்குண்டு. கவசம் 700 டன்.

இவற்றுக்குப் பக்கத்தில் எரிபொருளையும் வையுங்கள். மேலே சொன்ன 11 மடங்கில் ஒரு பங்கு கப்பல், மீதி பத்துப் பங்கு எரிபொருள். இணைவு எரிபொருளான டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) உறைந்த நிலையில் லிட்டருக்கு 200 கிராம்தான் இருக்கும். அதனால் இடம் நிறையப் பிடிக்கும். தலைமுறைக் கப்பலுக்குக் கவசத்தை மட்டும் கணக்கில் எடுத்தாலும் 3.9 கோடி டன், மாதிரியில் 72 செ.மீ. உருண்டை, பெரிய பண்ருட்டிப் பலா ஒன்றின் நீளம். உறக்கக் கப்பலை எல்லாம் சேர்த்து 10,000 டன் என்று வைத்தால் 1 லட்சம் டன் எரிபொருள், 10 செ.மீ. உருண்டை, பெரிய சாத்துக்குடி. கருக் கப்பலை 2,000 டன் என்றால் 6 செ.மீ., டென்னிஸ் பந்தைவிடச் சற்றுச் சிறியது. உருண்டைகளையும் கோலியையும் களிமண்ணில் உருட்டி வில்லியனூர் சுடுமண் கலைஞர்களிடம் சுட்டு வாங்கலாம். தெர்மாகோலைவிட அது நிற்கும். கையில் எடுத்துப் பார்க்கவும் கொடுக்கலாம்.

தலைமுறைக் கப்பலின் எரிபொருள் வெளியிட வேண்டிய ஆற்றல், உலகம் முழுதும் இன்றைய அளவில் 3,000 ஆண்டுக்கு மேல் செலவிடும் ஆற்றல். உறக்கக் கப்பலுக்கு எட்டு ஆண்டுக்கான ஆற்றல் ஆகும்.

இனி ஒவ்வொன்றாக.

தலைமுறைக் கப்பல்: எடையைத் தாண்டியும் தேறாத வழி

எத்தனை பேர் வேண்டும் என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. யார் யாரோடு குழந்தை பெறுவது என்பதைக் கணினி தீர்மானிக்கும் என்றால் 98 பேர் போதும் என்றது மாரினின் 2018 கணக்கு. நோய், விபத்து எல்லாவற்றையும் தாங்க வேண்டுமானால் பல்லாயிரம் பேர் வேண்டும் என்றார் மானுடவியலாளர் கேமரன் ஸ்மித்.

அதைவிடப் பெரிய சிக்கல் மூடிய வளையம், அதாவது வெளியிலிருந்து எதுவும் எடுக்காமல் எல்லாவற்றையும் உள்ளேயே மறுசுழற்றுவது. அரிசோனாவில் பயோஸ்பியர்-2 கண்ணாடிக் கூடத்துக்குள் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் இருந்தார்கள். பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து 14.5க்கு இறங்கிவிட்டது. செழிப்பான எருமண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விட்டன. அதைச் செடிகள் திரும்ப எடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். ஆனால் கட்டடத்தின் காங்கிரீட் அதை உறிஞ்சிச் சுண்ணாம்பாக்கிக்கொண்டது. யாரும் எதிர்பாராத இடத்தில் ஆக்சிஜன் சுவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். விண்வெளியில் அந்த வெளி கிடையாது.

98 விழுக்காடு மறுசுழற்சி என்பது பன்னாட்டு விண்வெளி நிலையம் 2023இல் தண்ணீரில் எட்டிய சாதனை. உண்மையிலேயே பெரிய வேலை. ஆனால் மிச்சம் 2 விழுக்காட்டைப் பெருக்கிப் பாருங்கள். ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், 500 பேர், நாளுக்கு 40 லிட்டர் இழப்பு. 110 ஆண்டில் 1,600 டன். தண்ணீரையாவது கவசத்திலிருந்து எடுக்கலாம். பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் எங்கிருந்து எடுப்பது?

உதிரிப்பாகமும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கடலூர் மாவட்டத்தில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தபோது, வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் வந்து கம்பம் நட்டு இழுத்துக் கட்டினார்கள். அப்படியும் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. வெளி மாவட்டம் என்று ஒன்று இல்லாமல் அதைச் சமாளிப்பதை நினைத்துப் பாருங்கள். வாயேஜர்-1இல் 2023 நவம்பரில் ஒரே ஒரு நினைவகச் சில்லு கெட்டது. மென்பொருளை வேறிடத்துக்கு மாற்றிச் சரிசெய்ய 2024 ஏப்ரல் வரை ஆனது. அங்கே யாருடைய மூச்சும் அந்தச் சில்லை நம்பி இல்லை. 500 பேர் ஊருக்குச் சில்லு செய்யும் ஆலையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும்.

இன்னொன்று. புறப்படுபவர்கள் சம்மதித்துப் போகிறார்கள். நடுவில் பிறந்து நடுவிலேயே சாகப்போகும் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. இதை மாதிரியின் குறையாக எழுதிவைக்க வேண்டும், மறைக்கக் கூடாது.

உறக்கக் கப்பல்

எடைக்கணக்கில் இதுதான் மனிதர்களுக்கு ஒத்துவரும் வழி. உயிரியலில்தான் இன்னும் வழியே திறக்கவில்லை.

இரண்டு வகை உறக்கத்தைக் குழப்பக் கூடாது. உறையவைப்பது ஒன்று; அதில் பனிப்படிகம் செல்களைக் கிழித்துவிடும். படிகமாகாமல் கண்ணாடிபோல் இறுக வைக்கும் முறையில் எலியின் சிறுநீரகத்தை 100 நாள்வரை வைத்திருந்து, மறுபடி சூடாக்கிப் பொருத்தி வேலைசெய்ய வைத்ததாக மினசோட்டா பல்கலைக்கழகக் குழு 2023இல் அறிவித்தது. அது நகத்தளவு உறுப்பு. முழு மனித உடலுக்கு, அப்படி இறுக வைக்கும் வேதிப்பொருளே நஞ்சாகும். உள்ளும் புறமும் ஒரே வேகத்தில் சூடாகாவிட்டால் விரிசல் விடும்.

மற்றது கரடிபோல் உடலியக்கத்தைத் தாழ்த்துவது. கரடி ஐந்து முதல் ஏழு மாதம் சாப்பிடாமல், சிறுநீர் கழிக்காமல், தசையும் அதிகம் கரையாமல் கிடக்கிறது. ஆர்க்டிக் தரை அணில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 3 டிகிரி வரை குளிர்ந்தும் பிழைக்கிறது. ஆனால் சில வாரத்துக்கொருமுறை எழுந்து உடலைச் சூடாக்கிக்கொள்கிறது. மனிதருக்கு மருத்துவமனையில் செய்வது 32 முதல் 34 டிகிரி வரை, ஓரிரு நாளுக்கு. 28 டிகிரிக்குக் கீழே இதயத் துடிப்பு தாறுமாறாகும். இரத்தம் உறைவதும் கிருமியை எதிர்ப்பதும் குறையும். நரம்பு வழியாக ஊட்டம் செலுத்தினால் அந்தக் குழாயிலேயே தொற்று வரும். ஓரிரு நாள் எங்கே, 110 ஆண்டு எங்கே என்பதுதான் இந்த வழியின் உண்மையான தொலைவு.

முறை வைத்து விழித்திருக்கும் கணக்கும் உண்டு. ஒரே நேரத்தில் நான்கு பேர் காவல் என்றால், 50 பேரில் ஒவ்வொருவரும் ஒன்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக விழித்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் நீண்ட காலம் விண்ணில் இருந்த வலேரி பொல்யாகோவ் 437 நாள் இருந்தார்.

மாதிரியில் எல்லோரும் விட்டுவிடும் உறுப்பு ஒன்று: வெப்பம் வெளியேற்றும் தகடு. விண்வெளியில் காற்றில்லை, கதிராக விட்டால்தான் சூடு போகும். இந்தக் கப்பலின் எஞ்சின்கள் மொத்தம் பத்தாண்டு எரிந்தால், அதில் 1 விழுக்காடு வெப்பமாகத் தங்கினாலும் 160 ஜிகாவாட். நெய்வேலியின் 1,000 மெகாவாட் புதிய அனல் மின்நிலையம் போல 160 நிலையங்கள். 1,230 டிகிரியில் தகதகக்கும் தகடு என்றாலும் இரண்டு பக்கமும் வெளிவிட 31 ஹெக்டேர் வேண்டும். 1:1000இல் அது 56 செ.மீ. சதுரம். விரல்நுனி அளவு அறை, சாத்துக்குடி அளவு தொட்டி, அவற்றுக்கு மேல் விசிறிபோல் அவ்வளவு பெரிய தகடு. பார்ப்பவர்கள் இதைப் பற்றித்தான் கேட்பார்கள். தொட்டி −254 டிகிரிக்குக் கீழே நூறாண்டு உறைந்திருக்க வேண்டும் என்பதால், தகட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே நீளமான கம்பு வையுங்கள்.

கருக் கப்பல்

1992இல் உறையவைத்த கருக்களிலிருந்து 2022இல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆக, உறைந்த கரு முப்பது ஆண்டு தாங்கும் என்பது தெரிந்த உண்மை. ஆனால் உறைந்த செல் தன் மரபணுச் சேதத்தைப் பழுதுபார்க்காது. படும் கதிர்வீச்சு எல்லாம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். செயற்கைக் கருப்பையில் 2017இல் பிலடெல்பியாவில் குறைமாத ஆட்டுக்குட்டிகளை நான்கு வாரம் வளர்த்தார்கள். முதல் நாளிலிருந்து வளர்க்கும் கருவி இல்லை. இருந்தாலும், தூக்கிக் கொஞ்ச ஒரு கை இல்லாத இடத்தில் எந்திரங்களை நம்பிப் பிள்ளைகளைப் பிறக்க வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. எடை குறைவு என்பதற்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கிராம் எடை ஆய்வுக்கலம்

2016 ஏப்ரலில் அறிவித்த பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் திட்டம் இது. சில மீட்டர் அகல ஒளிப்பாய், சில கிராம் எடைச் சில்லு, தரையிலிருந்து 100 ஜிகாவாட் லேசர். ஒளி வேகத்தில் 20 விழுக்காடு. சுமார் இருபதாண்டில் போய்ச் சேரும். 1 கிராமுக்கு அந்த வேகத்தில் உள்ள ஆற்றல், நெய்வேலி புதிய நிலையம் அரை மணி நேரம் தரும் மின்சாரம். எரிபொருள் சுமக்கத் தேவையில்லை. நால்வகையில் இன்றைய இயற்பியலுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஒளியால் தள்ளும் பாயை ஜப்பானின் இகாரோஸ் 2010லேயே விண்ணில் விரித்துக் காட்டியது.

இதன் குறை, நிற்காது என்பது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 42 நிமிடத்தில் கடந்துவிடும். எதிரே 1 மில்லிகிராம் தூசு வந்தால், அந்த வேகத்தில் அது 400 கிலோவுக்கு மேற்பட்ட டிஎன்டி வெடிப்புக்குச் சமம்.

இருபதாண்டு காத்திருந்து 42 நிமிடம் கிடைப்பது என்ன என்பது புதுச்சேரிக்குத் தெரிந்த கதை. வெள்ளி சூரியனைக் கடப்பதை அளக்க 1760இல் பிரான்சிலிருந்து புறப்பட்டார் வானியலாளர் லெ ஜென்டில். 1761இல் நெருங்கியபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில். ஆடும் கப்பலில் இருந்து அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டாண்டு இந்தப் பக்கமே தங்கி, புதுச்சேரியிலேயே ஆய்வுமாடம் கட்டினார். 1769 ஜூனில் அந்த ஒரு காலைப் பொழுது மேகம் மூடியது. எல்லாம் முடிந்த பிறகு வானம் தெளிந்தது. 1771இல் ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டிச் சொத்தைப் பிரிக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கடந்து போகும் கலத்துக்கு இரண்டாவது காலை கிடையாது. அதனால் ஒன்றை அனுப்பாமல் ஆயிரக்கணக்கில் அனுப்பும் திட்டமாகவே இதைக் காட்டுங்கள்.

எதைச் செய்வது

இரண்டு வாரமும் சில நூறு ரூபாயும்தான் இருக்கிறது என்றால் கிராம் கலம். மெல்லிய பளபளப்புத் தாளில் பாய், நடுவில் பழைய சிம் கார்டின் சில்லு, பின்னால் லேசர்ப் புள்ளிக்குப் பதில் சிவப்பு எல்இடி. குழந்தைகள் கண் மட்டத்தில் வரும் மேசையில் லேசர் பாயின்டர் வைக்க வேண்டாம்.

ஒரு மாதம் இருந்தால் உறக்கக் கப்பல், தகட்டோடும் சாத்துக்குடித் தொட்டியோடும். பக்கத்தில் தலைமுறைக் கப்பலின் டிரம்மை ஒப்பீட்டுக்காக மட்டும் வையுங்கள், 72 செ.மீ. எரிபொருள் உருண்டையைச் செய்ய முடியாவிட்டால் அதே விட்டத்துக்குத் தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டால் போதும். கால்குலேட்டரைக் கட்டி வைத்து, வருபவரையே 7,000 போட்டு இ-அடுக்கு விசையைத் தட்டச் சொல்லுங்கள். பிறகு 2.4 போடச் சொல்லுங்கள்.